காதைத் திருகிய கை

பெரிய இரும்புக் கடாய் ஒன்றை நிமிர்த்தி நிறுத்தியதைப் போல ஒரு தட்டு. ஆள் உயரம். அதன் குழிந்த பக்கத்தைப் பார்த்தபடி என் மகள் யமுனா முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அப்போது ஆறு வயது நிறையவில்லை. கால்கள் தரைக்கு எட்டவில்லை. ஒரு காலுறை மட்டும் கணுக்காலுக்குக் கீழே சுருண்டு கிடந்தது.

கூடத்தின் மறுகோடியில் அதே போல் இன்னொரு தட்டு. அதன் முன்னால் கோபி என்ற பையன். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் பாட்மிண்டன் ஆடும் அளவுக்கு இடைவெளி. எங்கெங்கிருந்தோ வந்த பள்ளிப் பிள்ளைகளின் கூச்சல் அந்த இடைவெளி முழுக்க நிறைந்திருந்தது.

அவ்வளவு கூச்சலிலும் கோபி தன் தட்டைப் பார்த்து முணுமுணுத்தால் போதும். அது பறந்து வந்து யமுனாவின் தட்டில் பட்டு, யாரோ பக்கத்தில் குனிந்து காதோடு சொன்னது போலக் கேட்கும். அதுதான் அங்கே விளையாட்டு. முன்னால் போன பிள்ளைகள் எல்லாரும் செய்து பார்த்துவிட்டுக் குதித்தார்கள்.

கோபி ஒரு பழத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். யமுனா அதை உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

“சொல்லிட்டேன்!” என்று கோபி திரும்பிக் கத்தினான்.

யமுனா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னொரு வாட்டி சொல்லுடா” என்றாள் என் நாத்தனார் வசந்தா.

கோபி மறுபடியும் சொன்னான். யமுனா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஏதோ படம் வரப்போகிறது என்று காத்திருப்பவளைப் போல.

வரிசையில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். வசந்தா அண்ணி என் பக்கம் திரும்பினாள். “பாத்தியா தேவி? ஒரு பழத்தோட பேரு. அதக்கூட திருப்பிச் சொல்லத் தெரியல. நான் சொன்னா மட்டும் உனக்குக் கோவம் வருது.”

சொல்லிவிட்டு நேராகப் போய், யமுனாவைக் காதைப் பிடித்து முக்காலியிலிருந்து இறக்கினாள்.

கையைப் பிடித்து அல்ல. காதைப் பிடித்து.

இந்தத் தொடரைப் படிக்கும் பெரியவர் ஒருவர் போன வாரம் கோயிலில் என்னை நிறுத்தி, “ஏன்மா, எழுதுறதெல்லாம் ஒரே கோவமா இருக்கே, உன் வாழ்க்கையில நல்லதே நடக்கலயா?” என்று கேட்டார். நடந்தது ஐயா, நிறைய நடந்தது. ஆனால் இந்த வாரமும் கோபம்தான். பிடிக்காவிட்டால் பக்கத்தைப் புரட்டி ராசிபலன் படியுங்கள். நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

கடை மாடியில் ஒரு பள்ளிக்கூடம்

தொண்ணூறுகளின் பின்பாதி அது. கோலாலம்பூரில் அறிவியல் கூடம் ஒன்றைப் புதிதாகத் திறந்திருந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் எதையோ வைத்து, ‘தொடாதே’ என்று எழுதி மாட்டும் மியூசியம் இல்லை. அங்கே எல்லாவற்றையும் தொடலாம், இழுக்கலாம், சுழற்றலாம், மேலே ஏறி உட்காரலாம். நம் நிழலைச் சுவரில் ஒட்டவைத்துவிட்டு நாம் மட்டும் நகர்ந்து போகலாம். டிவியில் அதைக் காட்டிய நாளிலிருந்து எங்கள் ஊர் கிள்ளானில் பாலர் பள்ளி நடத்துகிறவர்கள் எல்லாரும் பஸ் அமர்த்திப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். வசந்தா அண்ணியும் அமர்த்தினாள். துணைக்கு வந்த அம்மாக்களில் நானும் ஒருத்தி.

வசந்தா என் கணவர் சந்திரனின் அக்கா. கிள்ளான் டவுனில் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறைகளை எடுத்துப் பாலர் பள்ளி நடத்தினாள். ரப்பர் வாடைக்கு நடுவில்தான் பிள்ளைகள் அ, ஆ படித்தன.

நியாயமாகச் சொல்ல வேண்டும். மேரு பக்கம் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள், துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறவர்கள், இவர்களுடைய பிள்ளைகளைப் படிய வைத்து உட்காரவைத்தவள் அவள். அங்கிருந்து முதல் வகுப்புக்குப் போன பிள்ளைக்குத் தமிழிலும் மலாயிலும் தன் பெயரை எழுதத் தெரிந்திருக்கும். வசந்தா டீச்சர் என்றால் பாசாரில் மீன்காரர்கூட அடியில் இருக்கும் நல்ல மீனைத் தேடி எடுத்துக் கொடுப்பார்.

சந்திரனுக்கு அவள் வெறும் அக்கா இல்லை. அவர்களுடைய அம்மா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். தம்பிக்குச் சோறு ஊட்டி, தலை சீவி, பள்ளிக்கு அனுப்பி வளர்த்தவள் வசந்தாதான். அதனால் எங்கள் வீட்டில் அவள் ஒன்று சொல்லிவிட்டால் அதோடு பேச்சு முடிந்தது. யமுனாவை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று என்னை யாரும் கேட்கக்கூட இல்லை.

சேர்த்துச் சில வாரங்கள்தான் ஆகியிருக்கும். தீர்ப்பு வந்துவிட்டது.

“தேவி, சொல்றேன்னு வருத்தப்படாத. இது கொஞ்சம் மந்தம். நான் எத்தன வருசமா பிள்ளைங்கள பாக்குறேன், எனக்குத் தெரியாதா?”

மந்தம். இன்றைக்கும் யாராவது வயிறு மந்தமாக இருக்கிறது என்று சொன்னால்கூட எனக்குச் சுருக்கென்கிறது.

யமுனா பேசினாள். நிறையவே பேசினாள். ஆனால் எழுத்துகள் பாதி விழுந்துவிடும். சட்டையை அட்டை என்பாள். தண்ணி வேண்டுமென்றால் “அண்ணி வேணும்” என்று கேட்பாள். ஆரம்பத்தில் நாங்கள் சிரித்தோம். பள்ளியில் அவளுக்கு அதற்கு ஒரு திருகு கிடைத்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திரும்பவில்லை என்றால் ஒரு திருகு. புத்தகத்தை எடு என்றால் பென்சிலை எடுத்தாளா, அதற்கும் ஒரு திருகு. பிரம்பு எடுத்தால் தழும்பு தெரியும், பெற்றோர் கேள்வி கேட்பார்கள். காது சீக்கிரம் பழைய நிறத்துக்கு வந்துவிடும்.

எல்லா நாளும் வந்துவிடாது. சில நாள் மத்தியானம் வீட்டுக்கு வரும்போது காதுமடல் செம்பருத்தி மாதிரி இருக்கும். ஒருமுறை கேட்டேன்.

“திமிருலா அதுக்கு” என்றாள் வசந்தா அண்ணி. “கேக்காத மாதிரி நடிக்குது. நீங்க குடுக்குற செல்லம். வீட்டுல நீ கெடுக்கிறத நான் இங்க சரி பண்ண வேண்டியிருக்கு.”

டாக்டரிடமும் கூட்டிப் போனேன். பெயர் வேண்டாம். கூட்டம் நிரம்பி வழிகிற கிளினிக். அவர் எழுந்து யமுனாவின் பின்னால் போய் நின்று படாரென்று கையைத் தட்டினார். அவள் திரும்பினாள்.

“காது நல்லா இருக்கு. கொஞ்சம் லேசி. பொம்பளப் பிள்ளதானே, மெதுவா வரட்டும்” என்று ஒரு பாட்டில் டானிக் கொடுத்து அனுப்பினார்.

ஒரு கைதட்டல். என் பிள்ளையின் காதுக்கு அந்த மனிதர் செலவழித்தது அவ்வளவுதான்.

வீட்டிலும் அதே வாதம்தான். “இடி இடிச்சா பயப்படுறா. என் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டா வாசலுக்கு ஓடி வர்றா. அப்புறம் என்ன?” என்பார் சந்திரன்.

“மூஞ்சியக் காட்டிப் பேசு”

கூடத்துக்குத் திரும்புகிறேன்.

காதைப் பிடித்து இறக்கிவிட்டதும் யமுனா அழவில்லை. பழகிப்போயிருந்தது. என்னிடம் ஓடி வந்தாள். என் முகத்தை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு, தன்மேல் தப்பில்லை என்று விளக்குகிற தொனியில் சொன்னாள். அவளுடைய மழலை எனக்குத்தான் புரியும், அதனால் திருத்தி எழுதுகிறேன்.

“அம்மா, கோபி அங்கிட்டு திரும்பி உக்காந்திருக்கான். வாயே தெரியல.”

வாய் தெரியல. அதை நான் முன்பே கேட்டிருக்கிறேன்.

எங்கே என்று சொல்ல வேண்டுமானால் நான் வளர்ந்த செந்தூலுக்குப் போக வேண்டும்.

என் அப்பா கோலாலம்பூர் செந்தூலில் ஒரு பெரிய இரும்புப் பட்டறையில் வேலை செய்தார். கொதிகலன் தகடுகளை ஒன்றோடொன்று வைத்து ஆணி அறையும் வேலை. கொதிகலனுக்கு உள்ளே ஓர் ஆள் உட்கார்ந்து ஆணியைப் பிடித்துக்கொள்ள, வெளியே இன்னோர் ஆள் அடிப்பான். உள்ளே உட்காருகிறவர்களில் அப்பா ஒருவர். காதில் துணியைச் சுருட்டி வைத்துக்கொள்வார்கள். அவ்வளவுதான் பாதுகாப்பு.

எங்கள் வரிசை வீடுகளில் முக்கால்வாசி ஆண்களுக்குக் காது போய்விட்டிருந்தது. சாயங்காலம் எல்லா வீட்டு வானொலியும் அலறும். சாதாரணமாகப் பேசிக்கொண்டாலே வெளியாட்கள் சண்டை என்று எட்டிப்பார்ப்பார்கள். அதை நோய் என்று யாரும் சொல்லவில்லை. வயதானால் முடி நரைப்பது போல, பட்டறைக்குப் போனால் காது போகும். அப்படித்தான் நினைத்தோம், அல்லது அப்படி நினைக்க வைத்தார்கள்.

அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு எதையாவது கேட்டால் அப்பாவைப் பொறுத்தவரை அது பேச்சே இல்லை. எழுந்து வந்து அம்மாவின் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்புவார். “மூஞ்சியக் காட்டிப் பேசுன்னு எத்தன வாட்டி சொல்றது? வாய் தெரியலல்ல?”

அவர் ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு, கைகுலுக்கி, சுவர்க் கடிகாரம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். மணிக்கு ஒருமுறை இனிமையாக ஒலிக்கும் கடிகாரம். அந்த மனிதரின் காதைப் பிடுங்கிக்கொண்டு மணியடிக்கும் கடிகாரம் கொடுத்தார்கள். அவர் அதைத் துடைத்துத் துடைத்து வைத்தார். அது அடித்து ஒருநாளும் அவர் கேட்டதில்லை.

வாய் தெரியல. அறுபது வயதுக் கிழவர் சொல்ல வேண்டிய வார்த்தையை என் பிள்ளை பால்பல் விழுவதற்கு முன்பே சொல்லிவிட்டாள்.

“ஆரம்பிச்சாச்சாம்மா?”

யமுனாவைத் தூக்கி மறுபடியும் முக்காலியில் உட்காரவைத்தேன். “அப்படியே இரு” என்று முகத்தைக் காட்டிச் சொல்லிவிட்டு மறுகோடிக்கு ஓடினேன்.

“என்ன செய்யற? பிள்ளைங்க லைன்ல நிக்குது” என்று வசந்தா அண்ணி பின்னாலிருந்து கத்தினாள். நான் கோபியை நகர்த்திவிட்டுத் தட்டின் முன் குனிந்தேன்.

“யமுனா, அம்மா பேசுறேன். ஐஸ்கிரீம் வேணுமா? வாங்கித் தரட்டுமா?”

திரும்பிப் பார்த்தேன். யமுனாவுக்குப் பக்கத்தில் நின்ற பிள்ளைகள் “ஐஸ்கிரீம்! ஆன்ட்டி ஐஸ்கிரீம் வாங்கித் தர்றாங்க!” என்று குதித்தார்கள். யமுனா காலை ஆட்டிக்கொண்டு தட்டைப் பார்த்திருந்தாள். பக்கத்தில் ஆட்கள் குதிப்பது கண்ணில் பட்டதும் திரும்பினாள். என்ன ஏது என்று தெரியாமலேயே அவளும் முக்காலியிலிருந்து இறங்கிக் குதிக்க ஆரம்பித்தாள்.

மற்றவர்கள் குதித்த பிறகுதான் அவள் குதித்தாள். அதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்தக் கூடத்தில் வேலை பார்த்த பெண் ஒருத்தி எங்களைக் கவனித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். நீலச் சட்டை, தலையில் துடோங் முக்காடு, படிப்பு முடித்து அப்போதுதான் வேலைக்கு வந்தவள் போன்ற முகம். என்னிடம் வந்து, “காக், அடிக் இனி தாக் டெங்கார் கே?” என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். அக்கா, இந்தச் சின்னவளுக்குக் காது கேட்காதா?

டாக்டர் கேட்காத கேள்வி. டீச்சர் கேட்காத கேள்வி. தெரியவில்லையே என்றேன்.

எங்களை வேறொரு மூலைக்கு அழைத்துப் போனாள். அங்கே ஒரு பெட்டி. அதன் முகப்பில் கை கொள்ளாத அளவுக்குப் பெரிய திருகு. அதைத் திருப்பத் திருப்ப, பஸ் எஞ்சின் உறுமல் போலத் தொடங்கும் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து விசில் போலாகி, கடைசியில் கொசு ரீங்காரம் போல ஊசியாகும். சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்வரை பிள்ளைகள் கையைத் தூக்கியிருக்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் பின்னாலேயே வந்து கூடிவிட்டார்கள்.

எல்லாரும் கையைத் தூக்கினார்கள். யமுனாவும் தூக்கினாள். சத்தம் மெலிந்தது. எல்லாருடைய கையும் மேலே. யமுனாவின் கையும் மேலே.

“பாத்தியா? நல்லாத்தான் கேக்குது” என்றாள் வசந்தா அண்ணி.

யமுனாவின் கண்களைப் பார்த்தேன். அவை பெட்டியின் மேல் இல்லை. பக்கத்துப் பிள்ளைகளின் கைகள் மேல் இருந்தன.

தோளைப் பிடித்து அவளைச் சுவர்ப் பக்கம் திருப்பி நிறுத்தினேன். அந்தப் பெண் திருகை மறுபடியும் ஆரம்பத்துக்குக் கொண்டுபோனாள். உறுமல். யமுனாவின் கை டக்கென்று மேலே போனது. உறுமல் மெலியத் தொடங்கியது. நடுவழி வருவதற்கு முன்பே கை கீழே இறங்கிவிட்டது.

சுருதி இன்னும் ஏறியது. விசிலானது. ஊசியானது. மற்றப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு வீல் வீலென்று கத்தினார்கள். எனக்கே பல் கூசியது. யமுனா கைகளைத் தொங்கவிட்டுச் சுவரைப் பார்த்தபடி அமைதியாக நின்றாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“ஆரம்பிச்சாச்சாம்மா?”

அந்தப் பெண் திருகை நிறுத்திவிட்டாள். இது வெறும் விளையாட்டுச் சாமான் அக்கா, இதை நம்பி எதையும் முடிவு பண்ணாதீங்க, பெரியாஸ்பத்திரியில் இதற்கென்றே கருவி இருக்கிறது, சீக்கிரம் போங்கள் என்று மலாயில் சொன்னாள். யமுனாவின் முன்னால் மண்டியிட்டுத் தன் வாயைக் காட்டி, மெதுவாக ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்தாள். அவள் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

வசந்தா அண்ணி என் கையைப் பிடித்து ஒதுக்குப்புறமாக இழுத்தாள்.

“சீன் போடாத தேவி. மத்த அம்மாங்க எல்லாம் பாக்குறாங்க.”

“பாக்கட்டும்.”

“விளையாட்டுச் சாமான வச்சுகிட்டு பிள்ளைக்குச் செவிடுன்னு பட்டம் கட்டுறியா? நாளைக்கு எவன் இவளக் கட்டிக்குவான்?”

“நீங்க மந்தம்னு பட்டம் கட்டினப்ப எவன் கட்டிக்குவான்னு யோசிச்சீங்களா அண்ணி?”

கல்யாணமான நாளிலிருந்து நான் அவளை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. அவள் முகம் வெளுத்துப்போனது.

“எனக்கு எப்படிலா தெரியும்? டாக்டருக்கே தெரியல” என்றாள்.

அது உண்மை. அந்த வார்த்தையோடு அவள் நிறுத்தியிருந்தால், ஒரே ஒரு முறை குனிந்து அந்தக் காதைத் தடவிக் கொடுத்திருந்தால், நான் அன்றே மறந்திருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் அவள் நிறுத்தவில்லை.

“காதத் திருகினாதான் பிள்ளைங்களுக்கு உறைக்கும். நீயெல்லாம் அடி வாங்காமலா வளந்த?”

“கேக்காத காத அண்ணி. கேக்காத காதத்தான் இத்தன நாளா திருகிட்டு இருந்தீங்க.”

அப்பளத்தின் சத்தம்

திரும்பி வரும் பஸ்ஸில் யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. பின்னால் பிள்ளைகள் கைதட்டிப் பாடிக்கொண்டு வந்தார்கள். ஃபெடரல் ஹைவேயில் லோரிகளுக்கு நடுவே பஸ் ஊர்ந்தது. யமுனா என் மடியில் தூங்கிப்போனாள். வழியெல்லாம் அவளுடைய காதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பார்ப்பதற்கு அது எவ்வளவு ஒழுங்கான காது!

நான் வீடு சேர்வதற்குள் செய்தி சேர்ந்துவிட்டது. சந்திரன் வாசலிலேயே நின்றார்.

“அக்கா போன்ல அழுதுச்சு. எல்லார் முன்னாலயும் நீ இப்படிப் பேசியிருக்கக் கூடாது. போய் ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துரு.”

“உங்க பிள்ளைக்குக் காது கேக்கலங்க.”

“பாக்கலாம். பள்ளி லீவு வரட்டும்.”

லீவு. அவருடைய அக்காவின் கண்ணீருக்கு அன்றைக்கே மருந்து வேண்டும். பிள்ளையின் காது லீவுவரை காத்திருக்கலாம்.

நான் காத்திருக்கவில்லை. திங்கட்கிழமை காலை யமுனாவுக்குத் தலை சீவி, பஸ் ஏறிக் கோலாலம்பூர் பெரியாஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். அங்கே உடனே எதுவும் நடக்கவில்லை. இன்று போய் அடுத்த மாதம் வா, அந்த டாக்டர் இல்லை, இந்த அறை பூட்டியிருக்கிறது. எத்தனை தடவை அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம் என்று நினைவில்லை. ஒவ்வொரு தடவையும் கோபம் எனக்குச் சோறு மாதிரி தெம்பு கொடுத்தது.

கடைசியில் ஒருநாள், கதவை மூடினால் வெளிச் சத்தம் அப்படியே அறுந்துபோகிற சின்ன அறைக்குள் அவளை உட்காரவைத்தார்கள். அன்று சந்திரனும் லீவு போட்டு வந்திருந்தார். தலையைவிடப் பெரிய ஹெட்போனை மாட்டினார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு மரக்கட்டையைக் கூடையில் போட வேண்டும். யமுனா கட்டையைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக் காத்திருந்தாள். அவ்வளவு கீழ்ப்படிதலான பிள்ளையை நான் பார்த்ததில்லை. திமிராம். கூடையில் கொஞ்சம் கட்டைகள்தான் விழுந்தன. மேசை மேல் நிறையக் கட்டைகள் மிச்சம் கிடந்தன.

பரிசோதித்த சீனப் பெண்மணி எங்களை உட்காரவைத்து விளக்கினார். இரண்டு காதிலும் கோளாறு. கனமான சத்தம் கேட்கிறது, விசில் போல மெலிந்த சத்தம் கேட்கவில்லை. இடி கேட்கும், மோட்டார் சைக்கிள் கேட்கும், படாரென்று கை தட்டினால் கேட்கும். ச, த போன்ற எழுத்துகள் போய்ச் சேரவே சேராது. குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சல் எதனாலாவது இருக்கலாம்.

“உங்க மகள் ரொம்பக் கெட்டிக்காரி” என்றார் ஆங்கிலத்தில். “வாயைப் பார்த்தே இவ்வளவு தூரம் பேசக் கத்துக்கிட்டா.”

சந்திரன் எழுந்து வெளியே போனார். நான் போய்ப் பார்த்தபோது நடைபாதைச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார்.

காதுக்குப் பின்னால் மாட்டும் கருவிகள் வந்து சேர்ந்த அன்று மத்தியானம் நானும் யமுனாவும் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைக் கடையில் சாப்பிட உட்கார்ந்தோம். அவள் மிரண்டுபோயிருந்தாள். பிளாஸ்டிக் பை சரசரத்தால் திரும்பினாள். யாரோ தம்ளரைக் கழுவினால் திரும்பினாள். தெருவில் பூக்கட்டும் அம்மாள் கூவியதும் என் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

பரிமாறுகிறவர் இலையில் ஓர் அப்பளம் வைத்தார். யமுனா அதை எப்போதும் போல உடைத்தாள். உடைத்தவள் அப்படியே கையை இழுத்துக்கொண்டாள். பிறகு மெதுவாக இன்னொரு துண்டை உடைத்தாள்.

“அம்மா, அப்பளத்துக்குச் சத்தம் இருக்கா?”

இருக்குடி என் கண்ணே, எப்போதும் இருந்தது என்றேன். அவள் சாப்பிடவே இல்லை. உடைத்துக்கொண்டே இருந்தாள். கடைக்காரர் சிரித்துக்கொண்டு இன்னும் இரண்டு வைத்துவிட்டுப் போனார். பார்த்தவர்களுக்கு நான் சந்தோஷத்தில் அழுதது போலத்தான் தெரிந்திருக்கும். எனக்கோ அந்த மேசையைத் தூக்கி எறிய வேண்டும் போலிருந்தது. நினைவு தெரிந்ததிலிருந்து இந்தப் பிள்ளை சத்தமில்லாத அப்பளம் தின்றிருக்கிறாள். அதைக் கண்டுபிடிக்க ஒரு டாக்டராலும், ஊரே மெச்சும் ஒரு டீச்சராலும் முடியவில்லை.

ஒலிபெருக்கி

யமுனாவை வேறு பாலர் பள்ளிக்கு மாற்றினேன். வசந்தா அண்ணி எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். ஆண்டிறுதி வந்தது. அவளுடைய பள்ளியின் கலைநிகழ்ச்சிக்குத் தம்பி குடும்பத்துக்குத் தவறாமல் அழைப்பு வந்தது.

“ஒரு மணி நேரம். போய் உக்காந்துட்டு வந்துரலாம். போகலன்னா சொந்தத்துல பேசுவாங்க” என்று சந்திரன் கெஞ்சினார். அவர் முகத்தைப் பார்த்து ஒத்துக்கொண்டேன்.

மண்டபத்து வாசலில் சந்திரனின் சித்தி ஒருவர் யமுனாவைப் பார்த்ததும் என் காதருகே வந்து, “முடிய விரிச்சு விடேம்மா. அந்த மிசினு தெரியாது” என்றார். நான் அங்கேயே நின்று, கைப்பையிலிருந்த சீப்பை எடுத்து, இரட்டைப் பின்னலை உச்சிக்கு ஏற்றி இறுக்கிக் கட்டினேன்.

நடனம் முடிந்தது, பரிசு கொடுத்து முடிந்தது. வசந்தா அண்ணி பட்டுச் சேலை சரசரக்க மேடையேறி மைக்கைப் பிடித்தாள்.

“எங்க பள்ளியில ஒவ்வொரு பிள்ளையையும் நாங்க தனித்தனியா கவனிக்கிறோம். ஒரு உதாரணம் சொல்றேன். என் சொந்தத் தம்பி மகளுக்குக் காதுல கோளாறு. டாக்டரால கூட கண்டுபிடிக்க முடியல. நான்தான் பிள்ளைய சயன்ஸ் சென்டருக்குக் கூட்டிட்டுப் போயி, அங்க உள்ள கருவியில வச்சுப் பாத்து, கண்டுபிடிச்சேன். இன்னைக்கு அந்தப் பிள்ள நல்லா இருக்கா. இதோ இங்கதான் உக்காந்திருக்கா.”

மண்டபமே திரும்பி எங்களைப் பார்த்துக் கைதட்டியது. சந்திரன் தரையைப் பார்த்தார். எழுந்து கத்தலாமா, வெளியேறலாமா என்று தெரியாமல் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கைதட்டல் ஓய்ந்தது. யமுனா என் கையைச் சுரண்டினாள்.

கருவி மாட்டிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. தன் குரல் எவ்வளவு தூரம் போகும் என்று அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. என்னிடம் ரகசியம் கேட்பதாக நினைத்துக்கொண்டுதான் கேட்டாள்.

“அம்மா, அத்தை ஏன் பொய் சொல்றாங்க? அத்தை என் காதத் திருகினாங்கல்ல?”

முன்வரிசைத் தலைகள் எல்லாம் திரும்பின. மேடையில் வசந்தா அண்ணி மைக்கைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். நடு வரிசையில் ஒரு சின்னப் பையன் தன் அம்மாவிடம் ஏதோ சொல்லிக்கொண்டே தன் காதைத் தொட்டுக் காட்டினான்.

“ஏய், மெதுவா” என்று சந்திரன் பதறி, யமுனாவின் வாயைப் பொத்தக் கையை நீட்டினார். அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டேன். இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு யமுனாவுக்கு என் முகத்தைக் காட்டி, நிதானமாகச் சொன்னேன்.

“பின்னால உக்காந்திருக்கிறவங்களுக்குக் கேக்கலம்மா. இன்னொரு தடவ சொல்லு.”

யமுனா நாற்காலி மேல் ஏறி நின்று சொன்னாள்.